மூன்றாம் வரிசைக் குரல்

ரொசாரியோ இசைப்பள்ளியில் ஒதீலியா கானெபாவும் லிசாந்த்ரோ மென்தீவிலும் ஒரே வகுப்பில் படித்தவர்கள். அப்போதே இருவருக்கும் ஆகாது. எதனால் என்று கேட்டால் இரண்டு பேரும் ஒரே பரீட்சையைத்தான் சொல்வார்கள். ஒதீலியா எழுதிய பயிற்சியில் ஆசிரியரே கவனிக்காமல் விட்ட ஒரு பிழையை, மென்தீவில் கைதூக்கி எழுந்து நின்று சுட்டிக்காட்டினான். ஒதீலியா ஒப்புக்கொண்டாள். ஒப்புக்கொண்ட கையோடு, மென்தீவில் எழுதியதில் பிழையே கிடையாது, ஏனென்றால் அதில் எதுவுமே கிடையாது என்று வகுப்பு முழுக்கக் கேட்கும்படி சொன்னாள். அன்று எழுந்த சிரிப்பை அவனும் மறக்கவில்லை, அவளும் மறக்கவில்லை. அவளுக்கு வயது பத்தொன்பது, அவனுக்கு இருபது.

பன்னிரண்டு வருடத்தில் அவன் 'அவர்' ஆகிவிட்டார். நல்ல வயலின் கலைஞர். அதை ஒதீலியாகூட மறுத்ததில்லை. அத்துடன் மாமனார் மாகாண அரசில் பெரிய கை. இரண்டும் சேர்ந்ததில் முப்பத்திரண்டு வயதில் இசைப்பள்ளியின் இயக்குநர் நாற்காலி கிடைத்தது. ஒதீலியா அதே பள்ளியில், முதல் வருடப் பிள்ளைகளுக்குப் பியானோவில் விரல் வைக்கச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாள். வராந்தாவில் எதிர்ப்பட்டால் அவர் 'சென்யோரித்தா கானெபா' என்பார். அவள் 'டைரக்டர்' என்பாள். கூடப் படித்த இருவரும் ஒருவரையொருவர் மரியாதையாகக் கூப்பிடத் தொடங்கினால் அங்கே பகை முற்றிவிட்டது என்று அர்த்தம்.

அவளுடைய மனம் பியானோவில் இல்லை. துறைமுகத்துக்குப் பக்கத்தில் இருந்த ஒரு சின்ன வானொலி நிலையத்தின் அடித்தளத்தில் இருந்தது. அந்த நிலையத்தில் பகல் ஒன்றிலிருந்து நான்கு மணி வரை ஊரோடு சேர்ந்து எல்லோரும் தூங்கப் போய்விடுவார்கள். பதிவுசெய்த பாட்டுகள் தானாக ஓடும். அந்த மூன்று மணி நேரம் இரண்டு டேப் ரிக்கார்டர்களும் அவளுக்குச் சொந்தம். தாதேயோ ஃப்ரிக் என்ற தொழில்நுட்பக்காரர், தொலைபேசி நிலையத்தில் கழித்துப்போட்ட மூன்று கருவிகளைத் தேடிக் கொண்டுவந்து பழுதுபார்த்துக் கொடுத்திருந்தார். குமிழைத் திருகினால் அவை ஒரே சீராக ஓசை எழுப்பும். தாதேயோ அதிகம் பேசமாட்டார். பேசினாலும் பாதிச் சொற்கள் மீசைக்குள்ளேயே தங்கிவிடும்.

ஓசையை நாடாவில் பிடித்து, சவர பிளேடால் நறுக்கி, வேண்டிய வரிசையில் ஒட்டுவதுதான் வேலை. ஒரு நொடிக்கு முப்பத்தெட்டு சென்டிமீட்டர் நாடா. நாலு நொடி ஓசையை ஒட்டி முடிக்கச் சில நாளில் ஒரு முழு மதியம் போய்விடும். நறுக்கிய துண்டுகள் கலந்துவிடாமல் இருக்க அறையின் குறுக்கே கொடி கட்டி, துணி மாட்டும் கிளிப்புகளில் தொங்கவிட்டிருந்தாள். ஒருமுறை தாதேயோ ஜன்னலைத் திறக்க, காற்றில் முப்பது துண்டுகள் தரையில் விழுந்தன. அவள் அவரைத் திட்டிய திட்டை மேல்மாடிச் செய்தி வாசிப்பாளர் கேட்டுவிட்டு, அடுத்த வாரம் முழுக்க அந்தப் பக்கம் வரவில்லை. தாதேயோ மட்டும் மண்டியிட்டு உட்கார்ந்து ஒவ்வொரு துண்டாகப் பொறுக்கிக் கொடுத்தார். அவள் நன்றி சொல்லவில்லை. அந்தச் சொல் அவள் வாயில் வராது.

இரண்டு வருடம் இப்படிப் போனபின் பதினான்கு நிமிடத்தில் ஒரு படைப்பு தேறியது. 'தூசு' என்று பெயர் வைத்தாள். 1965 ஆகஸ்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, இசைப்பள்ளியின் ஆண்டுக் கச்சேரி நிகழ்ச்சியில் கடைசி உருப்படியாக அதைச் சேர்த்தார்கள். ஆசிரியர்களின் படைப்புகளுக்கு இடம் கொடுக்க வேண்டும் என்று விதி இருந்ததால் மென்தீவில் தடுக்க முடியவில்லை.

வெறும் மேடை. நாற்காலி இல்லை, வாத்தியம் இல்லை, ஆள் இல்லை. இரண்டு ஒலிபெருக்கிகள் மட்டும் அலமாரி மாதிரி நின்றன. முதல் மூன்று நிமிடம் கூட்டம் பொறுத்தது. பிறகு பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். அப்புறம் சீழ்க்கை, தரையில் கால் உதைக்கும் சத்தம், நிகழ்ச்சிநிரல் காகிதத்தைக் கிழிக்கும் சத்தம். ஒன்பதாவது நிமிடத்தில் மூன்றாம் வரிசையில் மென்தீவில் எழுந்து நின்றார். பாட்டுக்காரர் போல நெஞ்சிலிருந்து எழும் குரல் அவருக்கு.

"இது சங்கீதமா, மரம் அறுக்கற பட்டறையா? யாராவது போய்க் கரண்ட்ட புடுங்குங்கப்பா!"

அரங்கம் கைதட்டியது. அன்று முழுக்க நடந்த கச்சேரியில் அவ்வளவு பலமான கைதட்டல் வேறு எதற்கும் கிடைக்கவில்லை. பக்கவாட்டில் நின்றிருந்த ஒதீலியா பதினான்காவது நிமிடம் முடியும் வரை அசையவில்லை. யாரும் கரண்டைப் பிடுங்கவில்லை. முடிந்ததும் மேடைக்கு வந்து, கடைசி ஆள் வெளியே போகும் வரை அவர்களைப் பார்த்தபடி நின்றாள். அவளோடு ஒரே வீட்டில் இருந்த அக்கா நியேவெஸ், தான் இனி ஒரு வாரத்துக்குச் சந்தைக்குப் போக மாட்டேன் என்று சொல்லிவிட்டாள். திங்கட்கிழமைப் பத்திரிகையில் மென்தீவில் கத்திய வசனம்தான் தலைப்பாக வந்தது.

செவ்வாய்க்கிழமை மதியம் அவள் அடித்தளத்துக்குப் போனபோது தாதேயோ ஒரு நாடாச் சுருளை மேஜையில் வைத்தார். வானொலிக்காக அரங்கத்தில் மைக் வைத்து முழுக் கச்சேரியையும் பதிவுசெய்திருந்தார்கள். கூட்டத்தின் கூச்சலில் 'தூசு' மூழ்கிவிட்டது, ஒலிபரப்ப முடியாது, அழித்துவிடலாமா என்று கேட்டார். ஒதீலியா போட்டுக் கேட்டாள். இரண்டாம் முறை கேட்டாள். ஐந்தாவது முறை கேட்கும்போது பிளேடைக் கையில் எடுத்துவிட்டாள்.

அடுத்த ஆறு மாதம் அவள் அந்த ஊர்க்காரர்களின் வெறுப்பைத் துண்டு துண்டாக நறுக்கினாள். ஆத்திரம் தீரவேண்டும் என்றுதான் தொடங்கினாள். அதை அவள் மறைத்ததில்லை. ஆனால் வேலை ஓட ஓட ஆத்திரத்துக்கு நேரமில்லாமல் போயிற்று. சீழ்க்கைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியபோது தகரக் கூரையில் மழை இறங்குவது போல வந்தது. உதைக்கும் கால்களை வேகம் குறைத்து ஓடவிட்டால் பரனா ஆற்றில் தானியப் படகுகள் ஒன்றோடொன்று இடிக்கும் சத்தம். மென்தீவிலின் குரலை எட்டு மடங்கு நீட்டினாள்; கப்பல் சங்கு போல அது அடிவயிற்றில் அதிர்ந்தது. பதினோரு நிமிடத்தின் முடிவில், எந்த மாற்றமும் செய்யாமல், அந்த வாக்கியத்தை அப்படியே வைத்தாள். பெயர் 'சபையோர்'.

புவெனஸ் அயிரஸில் ஒரு புதிய இசை விழாவில் அதற்குப் பரிசு கிடைத்தது. பரிசு வாங்கிய படைப்பை ஊரில் போடாமல் இருக்க முடியுமா? அதே அரங்கத்தில் 1966 மே மாதம் போட்டார்கள். மென்தீவில் அந்த வாரம் வெளியூர்க் கச்சேரியில் இருந்தார். கூட்டம் தன் குரலைத் தானே கேட்டுக்கொண்டு முதலில் திகைத்தது. கடைசி வாக்கியம் வந்ததும் கூரை பிய்ந்துகொள்ளும்படி சிரித்தது. இந்த முறை சிரிப்பு அவளைப் பார்த்து இல்லை.

ஊர் வாயை யார் மூடுவது? மென்தீவில் திரும்பி வந்து ரயிலிலிருந்து இறங்கும்போதே மூட்டை தூக்குபவர் ஒருவர் 'கரண்ட்ட புடுங்குங்கப்பா' என்றார். பஸ்ஸில் சொன்னார்கள். முடிவெட்டும் கடையில் சொன்னார்கள். மாணவர்கள் கரும்பலகையில் எழுதிவைத்தார்கள். ஒதீலியா அதையெல்லாம் கேள்விப்பட்டாள். கேள்விப்பட்ட ஒவ்வொரு முறையும் நன்றாகச் சாப்பிட்டாள்.

ஜூனில் ராணுவம் ஆட்சிக்கு வந்தது. ஜூலையில் மென்தீவில் புகார் எழுதினார்: அரசு ஊழியரின் குரலை அனுமதியின்றித் திருடி, அவரைப் பொது இடத்தில் கேலிப்பொருளாக்கியது. அந்தச் சமயத்தில் அப்படிப்பட்ட புகார்களுக்கு நல்ல மவுசு. மூன்று பேர் கொண்ட விசாரணைக் குழு உட்கார்ந்தது. சாட்சிப் பொருளாக நாடாவின் ஒரு பிரதியைக் கேட்டார்கள். உறையில் போட்டு அரக்கு முத்திரை வைத்தார்கள். அதைப் போட்டுக் கேட்க அவர்களிடம் கருவி இல்லை. பத்திரிகை நறுக்குகளைப் படித்தே விசாரித்தார்கள்.

அந்தக் குரல் மென்தீவிலுடையதுதானா என்று தலைவர் கேட்டார்.

"அவர்தான் எதிர்ல உக்காந்திருக்காரே. ஒரு தடவ கத்தச் சொல்லிக் கேட்டுக்கங்க" என்றாள் ஒதீலியா.

அந்த ஒரு வாக்கியத்தில் அவளுடைய வேலை போயிற்று. நியேவெஸ் வீட்டில் தலையில் அடித்துக்கொண்டாள். வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் ஒரு மாத இடைநீக்கத்தோடு போயிருக்கும் என்றாள். அது உண்மைதான். வானொலி நிலையத்துக்கும் யாரோ தொலைபேசியில் பேசியிருக்க வேண்டும். அடித்தள அறையின் பூட்டு மாற்றப்பட்டது. அவளுடைய நாடாக்கள் எல்லாம் உள்ளே. புவெனஸ் அயிரஸுக்குப் போன பிரதியும் தபாலில் திரும்பி வந்து அதே அலமாரியில்தான் உட்கார்ந்திருந்தது.

எட்டு மாதம் கழித்து ஒரு ஞாயிறு மதியம், நியேவெஸ் மாவு பிசைந்துகொண்டே வானொலியில் பழைய கால்பந்து ஆட்டம் ஒன்றின் மறு ஒலிபரப்பைக் கேட்டுக்கொண்டிருந்தாள். வர்ணனையாளர் விடைபெற்றார். விளம்பரம் வரவேண்டிய இடத்தில், நாடாவை நிறுத்த யாரோ மறந்துபோக, வேறு ஒரு ஓசை கேட்டது. மெலிதாக, மணல் சரிவது போல. எட்டு நொடி இருக்கும். பிறகு நின்றுவிட்டது.

ஒதீலியா பக்கத்து அறையிலிருந்து வந்து நின்றாள். அது 'தூசு'வின் பன்னிரண்டாவது நிமிடம். அவளுடைய நாடாவின் மேலேயே ஆட்டத்தைப் பதிந்திருக்கிறார்கள்; கடைசிச் சுருளில் வர்ணனை அதுவரைக்கும்தான் நீண்டிருக்கிறது. அதற்குக் கீழே இருந்த எல்லாம் அழிந்துவிட்டது. அவளுக்கு வேறு யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

மறுநாள் தாதேயோவின் வீட்டுக்குப் போனாள். அவர் வாசலிலேயே நின்றார். உள்ளே வரச் சொல்லத் தைரியம் இல்லை. எல்லா நாடாவையுமா என்று கேட்டாள். எல்லாவற்றையும்தான் என்றார். புது நாடா வாங்க அனுமதி இல்லை, இருப்பதைப் பயன்படுத்தச் சொல்லி உத்தரவு என்றார்.

"நான் அழிக்கலன்னா வேற ஒருத்தன அழிக்கச் சொல்லியிருப்பாங்க, ஒதீலியா."

"வேற ஒருத்தன் அழிச்சிருந்தா அவன் மூஞ்சி எனக்குத் தெரிஞ்சிருக்காது."

இதைச் சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தாள். அதற்குப்பின் அவருடன் இருபத்திரண்டு வருடம் பேசவில்லை.

அந்த வருடமே புவெனஸ் அயிரஸுக்குப் போய்விட்டாள். விளம்பரங்களுக்கு ஒலி சேர்க்கும் ஒரு நிறுவனத்தில் வேலை கிடைத்தது. சோடா மூடி திறக்கும் சத்தம், சவரக் களிம்பு நுரைக்கும் சத்தம், குழந்தைகள் தொடரில் வேற்றுக்கிரக வண்டி இறங்கும் சத்தம். ஈ மருந்து விளம்பரம் ஒன்றில், பறக்கும் ஈ சுருண்டு விழுவதை மூன்று நொடியில் செய்திருந்தாள். நாடு முழுக்கப் பிள்ளைகள் வாயால் அந்த ஓசையைச் செய்து காட்டினார்கள். அதைச் செய்தது யார் என்று ஒருவருக்கும் தெரியாது. தெரிந்து யாராவது பாராட்டினால் அவள் பேச்சை வெட்டிவிடுவாள். அலுவலகத்தில் அவளோடு யாரும் மதியம் சாப்பிட உட்காரமாட்டார்கள். திருமணம் என்ற பேச்சு இரண்டு முறை வந்து, இரண்டு முறையும் அவள் வாயாலேயே முறிந்தது. இசையமைக்க உட்கார்ந்த நாட்களும் உண்டு. இரவல் கருவிகளில் ஏதாவது தொடங்குவாள். கேட்டுப் பார்த்தால் ஈ மருந்து போலவே இருக்கும். அழித்துவிடுவாள். இருபத்திரண்டு வருடம் ஒரு படைப்பையும் முடிக்கவில்லை.

1989 தொடக்கத்தில் பல்கலைக்கழகத்திலிருந்து ரமோனா எச்சாவே என்ற இளம்பெண் தேடி வந்தாள். நாட்டின் ஆரம்பகால மின்னணு இசையைத் தொகுத்து இசைத்தட்டு வெளியிடப் போகிறார்களாம். பழைய விழாவின் பதிவேட்டில் 'சபையோர்' என்ற பெயரும் பரிசும் இருக்கிறது, படைப்பு இல்லை. பிரதி எங்கே என்று கேட்டாள்.

அரக்கு முத்திரை வைத்த உறை ஒன்றுதான் மிச்சம். விசாரணை முடிந்ததும் சாட்சிப் பொருளைப் புகார்தாரரிடமே திருப்பிக் கொடுத்திருந்தார்கள்.

ஒதீலியா மென்தீவிலுக்கு நாலு வரிக் கடிதம் எழுதினாள். இரண்டு வரியில் பதில் வந்தது. இந்த நாளில், இந்த மணிக்கு வரலாம் என்று. ஐம்பத்தேழு வயதில் நாலு மணி நேரம் பஸ்ஸில் உட்கார்ந்து ரொசாரியோவுக்குப் போனாள். பிப்ரவரிக் கோடை வெயில் மண்டையைப் பிளந்தது.

ஃபிஷர்டன் பகுதியில் மரங்கள் சூழ்ந்த வீடு. கதவைத் திறந்தது அவருடைய மகள் இர்மா; முப்பது தாண்டியிருக்கும். அப்பா காலையிலிருந்தே டை கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார், வெயிலில் மயங்கி விழுந்துவிடுவார், சீக்கிரம் பேசி முடியுங்கள் என்று தாழ்ந்த குரலில் சொன்னாள். உள்ளே கைத்தடியின்மேல் இரண்டு கையையும் ஊன்றி அவர் உட்கார்ந்திருந்தார். மேஜையில் அந்த உறை. முத்திரை உடையவில்லை.

"சென்யோரித்தா கானெபா."

"டைரக்டர்."

இர்மா மாத்தே பானத்தை ஊற்றி, உறிஞ்சுகுழாய் போட்ட ஒரே குவளையை இருவருக்கும் மாறி மாறி நீட்டினாள். அந்த நாட்டில் எங்கும் உள்ள வழக்கம்தான். ஒதீலியா தன் முறை வந்தபோது வேண்டாம் என்று கையைக் காட்டினாள். அவர் உறிஞ்சிய குழாயில் அவள் வாய் வைக்கமாட்டாள் என்பது மூவருக்கும் புரிந்தது.

அவர் நிபந்தனையைச் சொன்னார். நாடாவைத் தருகிறேன், ஆனால் என் குரலை வெட்டி எடுத்துவிட வேண்டும்.

"அத வெட்டிட்டா அங்க ஒண்ணுமே இல்ல."

"அப்ப உங்க படைப்புன்னு சொல்றது என்னோட கத்தல்தான்னு ஒத்துக்கறீங்க."

உறையைக் கையில் எடுத்து முத்திரையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ஒருமுறைகூடக் கேட்டதில்லையா என்று கேட்டாள். இல்லை என்றார். எதற்குக் கேட்க வேண்டும், ஊரே எனக்குச் சொல்லிக் காட்டியதே என்றார்.

"கேக்காத ஒண்ண வெட்டச் சொல்ல உங்களுக்கு வாய் கூசல?"

இந்த அடி பட்டது. அவர் காது சிவந்தது. சரி, முதலில் கேட்கிறேன், கேட்டுவிட்டுச் சொல்கிறேன் என்றார். அந்தக் காலத்து நாடாவை ஓட்டும் கருவி வேலை செய்யும் நிலையில் ஊரில் ஒரே ஒருவரிடம்தான் இருந்தது. இர்மா அவர் பெயரைச் சொன்னதும் ஒதீலியா எழுந்துவிட்டாள். ஜன்னல்வரை போய் நின்றாள். பிறகு திரும்பி வந்து கைப்பையை எடுத்துக்கொண்டாள்.

தாதேயோ ஃப்ரிக்குக்கு எழுபது தாண்டிவிட்டது. மீசை மட்டும் அப்படியே இருந்தது, வெள்ளையாக. அவருடைய பழுதுபார்க்கும் கடையில் மூவரும் நுழைந்தபோது மணி பன்னிரண்டரை. அவர் ஒதீலியாவைப் பார்த்ததும் கையிலிருந்த திருப்புளியைக் கீழே வைத்தார். அவள் அவரைத் தாண்டிச் சுவரைப் பார்த்தாள். விஷயத்தை இர்மாதான் சொன்னாள். அவர் தலையாட்டிவிட்டுச் சுருளைக் கருவியில் மாட்டிய அந்த நிமிடம் மின்விசிறி நின்றது. அந்தக் கோடை முழுக்க நாட்டில் மின்வெட்டு. ஒவ்வொரு பகுதிக்கும் ஒவ்வொரு நேரம். இந்தத் தெருவுக்கு இனி நாலு மணிக்குத்தான் வரும்.

தாதேயோ கரண்டைப் பற்றி ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். மென்தீவிலின் முகத்தைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டார்.

ஆக, ஒருவரையொருவர் சகிக்காத மூன்று பேர் மூன்றரை மணி நேரம் ஒரு புழுக்கமான கடையில் உட்கார்ந்திருந்தார்கள். இர்மா காரில் போய் ரொட்டியும் பன்றிக்கறித் துண்டுகளும் வாங்கி வந்தாள். இரண்டு மணிக்கு மேல் மென்தீவில் டையைத் தளர்த்தினார். தளர்த்தியதும் அவராகவே பேசத் தொடங்கினார், யாரையும் பார்க்காமல்.

1968இல் ஆற்றுக்கு மேலே உள்ள ஒரு ஊரில் கச்சேரி. மெதுவான பகுதியின் நடுவே, வில்லைத் தூக்கி ஒரு மூச்சு நிறுத்தும் இடம். நூறு முறை வாசித்த இடம். அந்த அமைதியில் மேல்மாடத்திலிருந்து ஒருவன் அந்த வாக்கியத்தைச் சொன்னான்.

"கத்தக்கூட இல்ல. சும்மா, பேசற மாதிரி சொன்னான். எல்லாரும் சிரிக்கல. பாதிப் பேரு சிரிச்சாங்க. எனக்கு வில்லு கீழ இறங்கவே இல்ல. அன்னிக்கு வெச்சவன், அப்புறம் மேடையில வயலினத் தொடல."

ஒதீலியாவுக்கு இது தெரியாது. மேடையை விட்டது மூட்டு வலியால் என்றுதான் கேள்விப்பட்டிருந்தாள். உள்ளே முதலில் எழுந்தது திருப்திதான், அதை அவள் தனக்கே மறைத்துக்கொள்ளவில்லை. அதற்குப் பின்னாலேயே ஏதோ கசப்பாக வந்தது. அவர் நல்ல வயலின் கலைஞர்.

"மன்னிப்புக் கேக்கணும்னு எதிர்பார்க்கறீங்களா?" என்றாள்.

"நீ கேக்க மாட்ட. பத்தொன்பது வயசுல இருந்து உன்னத் தெரியாதா?"

இருபத்தாறு வருடத்தில் முதல்முறையாக அவர் வாயில் 'நீ' வந்தது.

"நீ என் வேலையப் புடுங்கின. இவன் என் நாடாவ அழிச்சான். நான் மேடையில ஏறி ஒருத்தரையும் கத்தச் சொல்லல. நீயா எழுந்து நின்ன, நீயா கத்தின. மன்னிப்பு நான் கேக்கறதா?"

தாதேயோ தலை குனிந்துகொண்டார். மென்தீவில் டையை மறுபடி இறுக்கினார்.

மின்விசிறி சுழன்றதும் தாதேயோ கருவியைத் தட்டினார். நாடா காய்ந்து சருகாகியிருந்தது. இரண்டாம் நிமிடத்தில் அறுந்தது. தாதேயோ பிளேடை எடுத்தார். ஓரம் கோணலாக வெட்டுப்பட்டது. ஒதீலியாவால் பொறுக்க முடியவில்லை.

"தள்ளு" என்றாள். அவர் பிளேடைக் கொடுத்தார். தன் படைப்பு ஒன்றில் இருபத்து மூன்று வருடமாகப் பிளேடு வைக்காத விரல்கள் யோசிக்காமல் வெட்டி ஒட்டின. ஏழாம் நிமிடத்தில் மறுபடி அறுந்தது. அப்போது அவர் கேட்காமலே ஒட்டுநாடாவை அளந்து கிழித்து நீட்டினார்.

மழை இறங்கியது. படகுகள் இடித்தன. கப்பல் சங்கு எழுந்தபோது மென்தீவில் நிமிர்ந்தார். அது தன் தொண்டை என்று அவருக்கு உடனே தெரியவில்லை, தெரிந்தபோது கைத்தடியை இறுகப் பிடித்தார். கடைசியில் முப்பத்து நான்கு வயது மனிதர் ஒருவர், திடமான, தெளிவான, சந்தேகமே இல்லாத குரலில், கரண்டைப் பிடுங்கச் சொன்னார். நாடா முடிந்து வால் தட்தட்டென்று அடித்துக்கொண்டது. தாதேயோ நிறுத்தினார்.

"நடுவுல ரெண்டு நிமிஷம் சும்மா இழுக்கற" என்றார் மென்தீவில். "அந்தக் காலடிச் சத்தம். முதல் தடவையே புரிஞ்சிடுச்சு. மூணு தடவ எதுக்கு?"

ஒதீலியாவுக்கு ரத்தம் தலைக்கேறியது. ஏறியதற்குக் காரணம், அது உண்மை. 1966இலேயே அவளுக்குத் தெரியும். விழாவுக்கு நாளாகிவிட்டதென்று அப்படியே விட்டிருந்தாள். பரிசு கொடுத்தவர்கள் ஒருவரும் அதைச் சொல்லவில்லை.

குரலை வெட்ட வேண்டுமா என்று மட்டும் கேட்டாள்.

"வெட்ட வேண்டாம். பேரு போடு."

"என்ன பேரு?"

"என் பேரு. உன் பேரு இருக்கற அதே அட்டையில, அதே அளவு எழுத்துல. குரல்: லிசாந்த்ரோ மென்தீவில். கீழ இன்னொரு வரி. இவர் கருத்து இன்றும் அதுவே."

வெட்டச் சொல்லியிருந்தால்கூட அவளுக்கு இவ்வளவு எரிந்திருக்காது. அதே அளவு எழுத்து என்றால் இரண்டு பேரும் சேர்ந்து செய்தது போல ஆகிவிடும் என்றாள். அவர் ஆமாம் என்றார். ஆறு மாதம் குனிந்து உட்கார்ந்து முதுகொடிய உழைத்தது நான், நீ எழுந்து நின்று கத்தியது ஐந்து நொடி என்றாள். அந்த ஐந்து நொடிக்கு நான் என்ன விலை கொடுத்தேன் என்று இப்போதுதானே சொன்னேன் என்றார். கடை அதிர இருவரும் கத்தினார்கள். தெருவில் போன ஒரு பெண்மணி எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள். இர்மா தலையில் கைவைத்துக்கொண்டு காரில் போய் உட்கார்ந்துவிட்டாள். கடைசியில் பாதியளவு எழுத்து, இரண்டாவது வரி அப்படியே என்று முடிவாயிற்று. கைகுலுக்கவில்லை. சுருளை எடுத்துக்கொண்டு கிளம்பும்போது, வாசலில் நின்ற தாதேயோவிடம், உறையை வெயிலில் வைக்காமல் எடுத்துப்போக ஒரு தகரப் பெட்டி இருக்கிறதா என்று கேட்டாள். இருந்தது. அதற்குமேல் அவருடன் பேச அவளுக்கு எதுவும் இல்லை. அவருக்கு அதுவே போதும் போலிருந்தது.

இசைத்தட்டு இரண்டு வருடம் கழித்து வெளிவந்தது. தலைநகரத்துப் பத்திரிகை ஒன்று, தொகுப்பிலேயே மறக்க முடியாதது அந்த மூன்றாம் வரிசைக் குரலின் நம்பிக்கை என்று எழுதியது. ஒதீலியா பத்திரிகையைக் கசக்கி எறிந்தாள். ரொசாரியோவில் நடந்த வெளியீட்டுக்கு மென்தீவில் வந்தாராம். கருத்து மாறியதா என்று கேட்டவர்களிடம், இரண்டாவது வரியைப் படியுங்கள் என்றாராம். அவள் போகவில்லை.

வெளியீடு முடிந்த வாரம் அவரிடமிருந்து இரண்டு பக்கக் கடிதம் வந்தது. எந்த நொடியிலிருந்து எந்த நொடிவரை வெட்டியிருக்க வேண்டும் என்று ஐந்து இடங்களைக் குறித்திருந்தார். அவற்றில் மூன்று சுத்த முட்டாள்தனம். அதை விளக்கி அவள் நாலு பக்கம் எழுதினாள். மீதி இரண்டைப் பற்றி ஒரு வார்த்தையும் எழுதவில்லை.

ரமோனா எச்சாவே தன் துறையில் கணினியோடு ஒரு அறையை அவளுக்குத் திறந்துவிட்டாள். பிளேடு இல்லை, கொடி இல்லை, கிளிப் இல்லை. அங்கிருந்தவர்களோடு சண்டை போட்டுக்கொண்டே அவள் அதைக் கற்றாள். மனிதக் குரலே இல்லாத ஒன்பது நிமிடப் படைப்பு ஒன்றை 1993இல் முடித்தாள். கேட்டவர்கள் நன்றாக இருக்கிறது என்றார்கள். நன்றாக இருக்கிறது என்பதை வைத்துக்கொண்டு அவள் என்ன செய்ய? ஒரு ஒலிப்பேழையில் பதிந்து, கடிதம் எதுவும் வைக்காமல், ஃபிஷர்டனுக்கு அனுப்பினாள்.

மூன்று வாரத்தில் பதில் வந்தது. எழுத்துகள் சாய்ந்திருந்தன. முந்தியதைவிட மோசம் என்று தொடங்கியது. இதைக் கேட்க உட்கார்ந்த ஒன்பது நிமிடத்தில் நாயைக் குளிப்பாட்டியிருக்கலாம் என்றது. நாலாவது நிமிடத்தில் எதற்குப் பயந்து பின்வாங்கினாய் என்று கேட்டது. அதற்குக் கீழே கையெழுத்து மட்டும்.

ஒதீலியா அதை நின்றபடியே இரண்டு முறை படித்தாள். நாலாகக் கிழித்துக் குப்பையில் போட்டாள். மேஜைக்குப் போய், காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, நாலாவது நிமிடத்தைத் தேடி எடுத்துக் கேட்டாள். பிறகு கழற்றி வைத்துவிட்டு, காகிதத்தை இழுத்துக்கொண்டு, 'டைரக்டர்' என்று எழுதி அடித்து, 'லிசாந்த்ரோ, உனக்குக் காது எப்போதும் சரியில்லை' என்று தொடங்கினாள்.